அத்தை கணக்கில் நூறு பீடி

அலுவலகத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்: “போன வெள்ளிக்கிழமை வேலூர் முழுக்கச் சுத்தினேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து மொத்தச் செலவு 143 ரூபாய்.” கேட்டவர்களுக்கு ஒரே குஷி. ஒருத்தர் நம்பாமல் கணக்குக் கேட்டார். பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து வரி வரியாகப் படித்துக் காட்டினேன். அடுத்த மாதம் காஞ்சிபுரத்தை நூறு ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்று அங்கேயே பந்தயம் வேறு கட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன். அன்று மாலை வீட்டுக்குப் போகும் மின்சார ரயிலில் நோட்டைத் திரும்பப் புரட்டியபோதுதான் உறுத்த ஆரம்பித்தது. கூட்டலில் பிழை இல்லை. எத்தனை தடவை கூட்டினாலும் 143தான். ஆனால் அந்த நோட்டில் ஒரு வரியை மட்டும் நான் அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை. கை தவறித் தாண்டிய வரி இல்லை அது.

எங்கள் பூர்வீகம் அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் வீட்டுப் பேச்சில் ‘டவுன்’ என்றால் வேலூர். நான் சென்னைக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது, இன்னமும் அம்மா போனில் “டவுனுக்குப் போனியா?” என்று கேட்டால் அது வேலூர்தான், தி. நகர் இல்லை. ஆனால் அந்த டவுனை நான் ஒருநாளும் சுற்றிப் பார்த்ததில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறேன், கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், எல்லாவற்றையும்விட அதிகமாக யாரையாவது ஆஸ்பத்திரியில் பார்க்கப் போயிருக்கிறேன். போன மாதம் காட்பாடி வரும் ரயிலில் பக்கத்து இருக்கையில் ஒரு வங்காளிக்காரர். அப்பாவின் சிகிச்சைக்காக மூன்றாவது தடவை வருகிறாராம். இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் நான்கு நாள் சும்மா இருக்க வேண்டும், உங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார். “ஒண்ணும் இல்லை” என்றேன். சொன்ன வேகம் எனக்கே பிடிக்கவில்லை. அதற்குப் பரிகாரமாகத்தான் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு, முதல் நாள் இரவே விருதம்பட்டில் அத்தை வீட்டுக்கு வந்து படுத்தேன். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. வயது அறுபது தாண்டிவிட்டது. மாமா போய் ஒன்பது வருடம். மகன் ஓசூரில்.

விதி நானே போட்டதுதான். வாசற்படி தாண்டியதிலிருந்து திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் வரை இருநூறு ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு செலவையும் எழுத வேண்டும். தனியாகப் போவதாகத்தான் திட்டம். காலையில் எழுந்து பார்த்தால் அத்தை குளித்து, தலை சீவி, நல்ல புடவை கட்டி, தக்காளி சாதத்தை டப்பாவில் அழுத்திக்கொண்டிருக்கிறாள். “நீ எங்க போற?” என்றேன். “ஊரச் சுத்திக் காட்டத்தான். உனக்கு இன்னா தெரியும் இந்த ஊர்ல, ஆஸ்பத்திரி கேட்டத் தவுத்து?”

ராஜா இல்லாத கோட்டை

காட்பாடியிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். முன்பக்கம் ரோஸ் வண்ணம் அடித்த பஸ். எனக்கு ஏழு ரூபாய் டிக்கெட். அத்தைக்குக் கட்டணமில்லாச் சீட்டு. அவள் அதை நான்காக மடித்துச் சுருக்குப் பையில் போட்டு, கயிற்றை இழுத்து இடுப்பில் செருகினாள். நான் நோட்டை எடுத்து ‘பஸ், எனக்கு: 7. அத்தைக்கு: 0’ என்று எழுதினேன். அதற்குள் பஸ் பாலாற்றுப் பாலத்தின் மேல் ஏறியிருந்தது. கீழே ஆறு இருக்க வேண்டிய இடத்தில் சீமைக் கருவேலம், நாணல், நடுவில் சாக்கடை நூல் பிடித்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. 2021 நவம்பரில் இதே பாலத்தில் நின்று ஊரே வெள்ளத்தை வேடிக்கை பார்த்தது. அந்த வீடியோவை அத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாள். யாராவது பாலாற்றைக் கேலி பேசினால் எடுத்துக் காட்டுவாள்.

வேலூரைப் பற்றி ஊர் பேசும் கேலி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. பட்டியலில் இன்னும் இரண்டு மூன்று உண்டு. அதில் ஒன்றை அத்தை காது கேட்கச் சொன்னால் துடைப்பக்கட்டைதான் பதில் சொல்லும். கோட்டை வாசலில் அகழியைப் பார்த்தபடி நின்றபோது அந்தப் பட்டியல் ஞாபகம் வந்தது. முதல் வரியே தப்பு. வேலூர் கோட்டையில் ராஜாக்களுக்குக் குறைவே இருந்ததில்லை. அடுத்தவர் ராஜாக்களைக் கொண்டுவந்து பூட்டி வைத்த கோட்டை இது. திப்புவின் பிள்ளைகள் இங்கேதான் இருந்தார்கள். கண்டியின் கடைசி ராஜா இங்கேதான் வைக்கப்பட்டார். 1806 ஜூலை 10 விடியலில் நடந்த சிப்பாய்க் கலகத்தை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. சிப்பாய்களைச் சீண்டிய புதுத் தலைப்பாகையும் கலகத்தை அடக்கிய கில்லெஸ்பியும் பள்ளிக்கூடத்திலிருந்தே நம்மோடு வருகிறவர்கள். அதற்குப் பிறகு நடந்த ஒன்றுதான் அன்று எனக்குப் புதிதாகப் பட்டது. சிப்பாய்கள் எழுந்ததும் கம்பெனி திப்புவின் குடும்பத்தை வேலூரிலிருந்து கல்கத்தாவுக்கு அனுப்பியது. இன்றைக்கு கல்கத்தாவிலிருந்து தினமும் ரயில் ரயிலாக வேலூருக்கு ஜனம் வருகிறது. அகழிக்கரைப் புல்லில் ஸ்கேன் கவரைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்த இரண்டு பேர் வங்காளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. பூட்டைப் பார்த்ததும் எனக்குள் கஞ்சப்பயல் ஒருவன் சந்தோஷப்பட்டதை மறைப்பானேன். டிக்கெட் காசு மிச்சம்.

ஜலகண்டேசுவரர் கோயிலில் செருப்புக்கு 2 ரூபாய், அத்தைக்கு ஒரு முழம் மல்லி 20. பல நூறு வருடம் சாமி இல்லாமல் கிடந்த கோயில். 1981 மார்ச் மாதம் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அத்தை கல்யாணமாகி டவுனுக்கு வந்தது 1984இல். அப்போதும் மாமியார் “போயும் போயும் மூணு வருசத்து சாமியக் கும்பிடப் போறியா” என்று கேட்டாராம். இன்றைக்கு அர்ச்சனைச் சீட்டுக்கு வரிசை வெளிப் பிராகாரம் வரை நிற்கிறது. நாங்கள் அர்ச்சனை செய்யவில்லை. கல்யாண மண்டபத்துக்குப் போனோம். பாய்கிற யாளித் தூண்களை எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். இதை அப்படியே பெயர்த்து லண்டனுக்குக் கப்பலேற்றப் பார்த்தார்கள், கப்பல் முழுகிப்போச்சு என்று ஊரில் ஒரு கதை உண்டு. அத்தைக்குத் தூணில் அக்கறை இல்லை. தூணோடு முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, “மேல பாரு” என்றாள். விதானத்தில் தாமரை விரிந்திருக்கிறது. அதைச் சுற்றி வட்டமாகக் கிளிகள், தலைகீழாக. “வாரத்துக்கு ஒரு நாள் வந்து இதுங்களப் பாத்துட்டுப் போவேன். சாமிக்கு ஒரு கும்புடு, கிளிக்கு ஒரு மணி நேரம்.”

வாரத்துக்கு ஒரு நாளா என்று எனக்கு ஆச்சரியம். என் நினைவில் அத்தை என்றால் விருதம்பட்டு வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். ஊருக்கு எப்போது போனாலும் அந்தக் கோலம்தான். எழுந்து நடந்தே பார்த்ததில்லை என்றுகூடச் சொல்லிவிடுவேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எதற்கு சைபர்

கோட்டைக்குள் ஒரு வேப்பமர நிழலில் டப்பாவைத் திறந்தோம். தக்காளி சாதம், மேலே ஒரு வதக்கல் மிளகாய், ஒரு காகிதத்தில் மடித்த அப்பளம். மாசி முடியும் வாரம்தான், அதற்குள் வேலூர் வெயில் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. சாப்பிட்டு, கையைக் கழுவி, நான் நோட்டை எடுத்து ‘மதியச் சாப்பாடு: 0’ என்று எழுதினேன். ஒரு அறுபது ரூபாய் அதற்காக ஒதுக்கி வைத்திருந்தேன், அது அப்படியே மிச்சம். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“காலைலேர்ந்து பாக்கறேன். இன்னாடா எழுதினே கீறே?”

“செலவுக் கணக்கு அத்தை. இருநூறு ரூபாய்க்குள்ள ஒரு நாள் ஊரைச் சுத்த முடியுமான்னு பார்க்கறேன்.”

“எதுக்கு? கையில துட்டு இல்லையா?”

இருக்கிறது என்றேன். பிறகு எதற்கு என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ‘சும்மா’ என்றேன். நோட்டைக் கொடு என்று வாங்கிப் பார்த்தாள். ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும், எண்கள் உடனே வரும். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி ‘அத்தைக்கு: 0’ என்ற இடத்தில் நின்றது.

“எனக்கு எதுக்கு சைபர் போட்டுகீறே?”

“உனக்கு பஸ் சும்மாதானே.”

“இப்ப சும்மா. சும்மான்னு ஆவறதுக்கு மின்ன அதுக்கு ஒரு வெல இருந்துச்சில்ல? அத எழுது. போவ வர நூறு பீடி.”

எனக்குப் புரியவில்லை. சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. பால் கணக்கு சொல்வது மாதிரி சொன்னாள். ஆயிரம் பீடி சுற்றினால் அந்தக் காலத்தில் கைக்கு முப்பத்தைந்து ரூபாய்க்குப் பக்கம் வரும். பஸ்ஸுக்குப் போக வர மூன்று ரூபாய் சொச்சம். அப்படியென்றால் டவுனுக்கு ஒரு தடவை போய்வர நூறு பீடி. நூறு பீடி என்றால் நாலு கட்டு. முதல் நாள் ராத்திரி இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்து, காலையில் தகர அச்சை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளைப் போட்டு உருட்டி, நூல் சுற்றி, வாயை நகத்தால் மடக்க வேண்டும். கை பழகியவளுக்கு ஒரு மணி நேர வேலை. பஸ் கட்டணம் ஏறும், கூலியும் கொஞ்சம் ஏறும், ஆனால் இந்த நூறு மட்டும் முன்னே பின்னே மாறவே இல்லையாம். அவளுக்கு டவுனின் தூரம் கிலோமீட்டரில் இல்லை. நூறு பீடி தூரம்.

அப்புறம் அவள் சொன்னதால்தான் அந்த வரியை நான் அலுவலகத்தில் படித்துக் காட்டாமல் தாண்டினேன்.

1996இல் எனக்கு ஏழு வயது. டைபாய்டு முற்றி, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இருபத்து மூன்று நாள். அம்மா என்னோடு, அப்பா ஊரில் நிலத்தோடு. எங்கள் இருவருக்கும் தினமும் சாப்பாடு கொண்டுவந்தது அத்தை. பதினொரு மணிக்கெல்லாம் எவர்சில்வர் தூக்கோடு வந்துவிடுவாள். எனக்கு ரசம் விட்டுக் குழைத்த சாதம், அம்மாவுக்குக் குழம்பு. இதெல்லாம் வீட்டில் பலமுறை பேசிய கதைதான். ஆனால் அதில் ஒரு சின்னக் காட்சி யாரும் பேசாதது, என் மண்டைக்குள் மட்டும் இருப்பது: அந்த வார்டைப் பெருக்கும் ஆயா தினமும் அத்தையைத் திட்டுவார். “ஒரு நாளைப் போல மண்ணைக் கொண்டாந்து கொட்டறியே, கால உதறிக்கினு வரக்கூடாதா?” என் கட்டிலுக்குக் கீழே மணல் கிடக்கும். வெள்ளை வெளேர் என்று, சீனி மாதிரி. கட்டிலில் குப்புறப் படுத்துக் கையை நீட்டி அதைக் கிள்ளி விளையாடியிருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று இருபத்தெட்டு வருடமாக நான் யோசித்ததே இல்லை.

“பாலத்து மேல வந்தா சுத்துடா. ஆத்துல எறங்கினா குறுக்கால. அப்பல்லாம் நல்ல மணலு, காலு பொதயும், ஆனா வெயிலுக்கு மின்ன வந்துட்டா சுடாது. திரும்பறப்பதான் கொதிக்கும்.”

“தினமுமா நடந்தே வந்தே?”

“பஸ்ல வந்தா நூறு பீடி. நடந்தா சும்மா.”

நான் கணக்குப் பிள்ளை ஆயிற்றே, விடவில்லை. விருதம்பட்டிலிருந்து அங்கே மூன்று கிலோமீட்டருக்குக் குறையாது. போக வர ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்கும். அந்த நேரத்துக்குப் பஸ்ஸில் போய்விட்டு உட்கார்ந்திருந்தால் நூற்றைம்பது பீடி சுற்றியிருக்கலாமே, நடந்ததில் நட்டம்தானே என்றேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தாள், கணக்கில் சுமாரான பையனைப் பார்க்கிற மாதிரி.

“பீடிய ராத்திரி கண்ணு முழிச்சி சுத்திக்கலாம். மூணு ரூபா ராத்திரியில மொளைக்குமா?”

டப்பாவை மூடி, மீந்த அப்பளத் துண்டைக் காக்கைக்குப் போட்டுவிட்டு எழுந்தாள். அவ்வளவுதான் அந்தப் பேச்சு. அவள் அதை ஒரு தியாகக் கதையாகச் சொல்லவே இல்லை. பஸ்ஸுக்கு ஏன் சைபர் போட்டாய் என்ற கேள்விக்கு ஒரு திருத்தம் சொன்னாள், திருத்தத்துக்கு ஆதாரம் காட்டினாள். நான்தான் நோட்டில் சைபரை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘100 பீடி’ என்று எழுதிவிட்டு, அதை ரூபாயோடு எப்படிக் கூட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மாஷி

இலவசப் பஸ்ஸைப் பற்றி நானும் பேசியிருக்கிறேன். 2021இல் அது வந்த புதிதில், “காசு இல்லைன்னா ஜனம் சும்மா சும்மா ஏறி இறங்கும்” என்று ஒரு வாட்சப் குழுவில் எழுதிய ஆள் நான். இன்று அந்த வாக்கியத்தைப் படித்தால் அதில் ஒரு பொய்யும் இல்லை. அத்தை உண்மையிலேயே சும்மா சும்மா ஏறி இறங்குகிறாள். வாரத்துக்கு ஒரு நாள் கிளி பார்க்கப் போகிறாள். நான் அதைக் குறையாகச் சொன்னேன் என்பதுதான் விஷயம். முப்பத்தைந்து வருடம் ஊருக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தவள் கல்யாண மண்டபத்தின் கிளியை முதல் தடவை நிதானமாக அண்ணாந்து பார்த்தது ஐம்பத்தைந்து வயதுக்கு மேல்.

கண்ணில் புரை விழுந்து பீடி நின்று போனபிறகு, காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் வேலை கேட்டாளாம். அரை நாள் வேலை, காய் நறுக்க, பாத்திரம் கழுவ. அதே வேலை முன்பும் ஒரு தடவை வந்ததாம். சம்பளத்தில் பஸ்ஸுக்குப் போனால் என்ன மிஞ்சும் என்று அப்போது விட்டுவிட்டாள். இப்போது போகிறாள். அங்கே என்னைக் கூட்டிப் போய்க் காட்ட அவளுக்கு ஆசை. அந்தத் தெருவில் நுழைந்தால் தமிழ்நாடு கொஞ்ச நேரம் காணாமல் போகிறது. பலகைகள் வங்காளத்தில், கடுகெண்ணெய் வாசம், வாசலில் ஏப்பம் விட்டபடி நிற்கும் மீன் சாப்பாட்டுக்காரர்கள், “தாதா, தாதா” என்று கூப்பிடும் நம் ஊர் ஆட்டோக்காரர்கள். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டில் போட்டு ஆரம்பித்த சி.எம்.சி. ஆஸ்பத்திரி, தன்னைச் சுற்றி இப்படி ஒரு குட்டி வங்காளத்தை வளர்த்து வைத்திருக்கிறது. லாட்ஜுகளில் அறை வாடகையோடு அடுப்பும் வாடகைக்குக் கிடைக்கும். மாதக் கணக்கில் தங்குகிறவர்கள் தாங்களே சமைத்துக்கொள்வார்கள்.

அத்தையைப் பார்த்ததும் மாடிப்படியில் ஒரு பெண் “மாஷி!” என்று கூப்பிட்டாள். வங்காளத்தில் மாஷி என்றால் சித்தி, பெரியம்மா. வேலைக்கு வரும் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். “மொத வாரம் எனக்கு ஒண்ணியும் புரியல. சித்திரை மாசத்துல எதுக்குடா மாசி மாசின்னு கூவறாங்கன்னு நெனச்சேன்.” இப்போது தண்ணீருக்கு ஜோல், எவ்வளவுக்குக் கொத்தோ, கத்தரிக்காய்க்குப் பேகுன் என்று ஒரு இருபது முப்பது வார்த்தை வைத்திருக்கிறாள். ரயிலில் என்னிடம் கேட்ட மனிதர் இந்தத் தெருவில் எங்காவது இருப்பாரா என்று முகங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன், கிளி இருக்கிறது என்றா?

இரண்டு பேருக்கும் டீ 24. நேதாஜி மார்க்கெட்டில் அரைக் கிலோ முள்ளுக் கத்தரிக்காய் 30. எங்கள் அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடிக் காய்தான் இது, 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. அத்தை குறியீட்டை எல்லாம் பார்க்கவில்லை, காம்பை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தாள். முள் குத்த வேண்டுமாம். குத்தினால்தான் இன்றைக்குப் பறித்தது. லாட்ஜ் வங்காளிகள் இதை வாங்க மாட்டார்கள், அவர்களுக்கு வட்டமாக அரிந்து பொரிக்கப் பெரிய காய் வேண்டும் என்று அவர்களுக்காக வருத்தப்பட்டாள். கடைக்காரர் முப்பத்தைந்து என்றதை முப்பதுக்கு முடித்துவிட்டு, என் நோட்டைச் சுட்டிக்காட்டி “எழுது” என்றாள்.

பாலம்

மார்க்கெட்டிலிருந்து பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது. அன்றைய நாளின் பெரிய செலவு அதுதான், அத்தைக்குப் பொறுக்கவில்லை. “பஸ்ல போயிருந்தா உன் காசு மட்டும்தான் போயிருக்கும்.” மண்டபத்துக்குள் காசு கிடையாது. கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் சமாதி அங்கே. 1815இல் பிடிபட்டு, இந்தக் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832 ஜனவரியில் இங்கேயே செத்துப்போனவர். பிறந்தபோது வைத்த பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழி. எங்களைத் தவிர உள்ளே இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், ஒரு நாய். பொரி வாங்கியிருந்தோம், 20 ரூபாய்க்கு. அத்தை சமாதிக் கல்வெட்டை நிதானமாக எழுத்துக்கூட்டினாள். பதினாறு பதினேழு வருடம் கோட்டைக்குள்ளேயே இருந்தாரா, ஆற்றுப் பக்கம்கூட விடவில்லையா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். “செத்த பொறவு ஆத்தோரமாக் கொண்டாந்து வெச்சிகீறாங்க” என்றாள், பொரியை மென்றுகொண்டே.

அங்கிருந்து வெளியே வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. நோட்டில் அதுவரை 143. இன்னும் ஐம்பத்தேழு ரூபாய் பாக்கி. பாலம் கண்ணுக்கு எதிரே தெரிந்தது. “வா அத்தை, நடந்தே போயிடலாம்” என்றேன். உண்மையைச் சொன்னால், மத்தியானம் கேட்டதிலிருந்தே எனக்குள் அந்த ஆசை ஊறிக்கொண்டிருந்தது. ஆற்றில் இறங்க முடியாது, அந்த மணலை எல்லாம் லாரி வைத்து அள்ளி முடித்துவிட்டார்கள். பள்ளமும் முள்ளும்தான் மிச்சம். பாலத்தின் மேலாவது அவளோடு நடந்து பார்க்க வேண்டும், அதில் ஏதோ கடன் தீர்க்கிற மாதிரி ஒரு நினைப்பு.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். “உனக்கு இன்னா பைத்தியமா? பஸ்ஸு சும்மா வருது, இப்பப் போயி எதுக்குடா நடக்கணும்? நடந்த மட்டும் போதாதா?”

சொல்லி வாய் மூடவில்லை, ரோஸ் பஸ் வந்து நின்றது. கத்தரிக்காய்ப் பையோடு ஏறி, ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து, என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். வந்து ஏறு என்கிறாளா, போய் வா என்கிறாளா தெரியவில்லை. நான் ஏறவில்லை. வீம்புதான், வேறென்ன. பஸ் போய்விட்டது.

பாலம் நான் நினைத்ததைவிட நீளம். லாரி போகும்போதெல்லாம் அதிர்கிறது, நடப்பவனை யாரும் மதிப்பதில்லை, புகை மூக்கில் ஏறுகிறது. பாதியில் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கீழே பார்த்தேன். கருவேலப் புதருக்கு நடுவே ஓர் இடத்தில் மட்டும், ஒரு பாய் விரித்த அளவுக்கு, மணல் மிச்சம் இருந்தது. வெள்ளையாகத்தான் இருந்தது. போன் அடித்தது.

“எங்கடா கீறே?”

“பாலத்து மேல. பாதி வந்துட்டேன்.”

“பாதிதானா? நான் வந்து வெளக்கு வெச்சி, காய நறுக்கித் தண்ணியில போட்டுட்டேன். வரும்போது முனைக் கடையில கால் கிலோ புளி வாங்கியா. அதயும் நோட்டுல எழுதாத, நான் துட்டுத் தரேன்.”